முன்னால் விடும் இடைவெளி: வீதியில் நாம் பேண வேண்டிய அமானிதம்

 

காத்தான்குடியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவில் புறப்படும் ஒரு வானை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். தொழிலுக்காக வளைகுடா நாட்டுக்குச் செல்லும் மகனை வழியனுப்புவதற்காக உம்மாவும் வாப்பாவும் சகோதரிகளும் சிறு பிள்ளைகளும் அதில் ஏறியிருக்கின்றனர். வெலிக்கந்தை, பொலனறுவை, ஹபரணை என வீதி நீள்கின்றது. பிள்ளைகள் உறங்கிவிட்டனர். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில், முன்னால் செல்லும் லொறியின் பின்புறத்தை ஒட்டியவாறு சாரதி வானைச் செலுத்துகின்றார். லொறியின் பின்கதவைத் தவிர வேறெதுவும் அவரது கண்ணுக்குப் புலப்படவில்லை. அவ்வேளையில் லொறிக்கு முன்னே ஒரு காட்டு யானை வீதியில் இறங்குகின்றது. லொறிச் சாரதி யானையைக் காண்கின்றார், பிரேக்கை அழுத்துகின்றார். வான் சாரதி யானையைக் காணவில்லை. அவர் காண்பது திடீரென ஒளிரும் இரண்டு சிவப்பு விளக்குகளை மட்டுமே.

இதற்கு அடுத்த கணத்தில் அந்தக் குடும்பத்துக்கு நேரவிருப்பதை எது தீர்மானிக்கின்றது? இரு வாகனங்களுக்குமிடையே எத்தனை மீற்றர் விடப்பட்டிருந்தது என்பதே பெரும்பாலும் அதனைத் தீர்மானிக்கின்றது. இவ்வாறு முன்செல்லும் வாகனத்தை ஒட்டிச் செல்லும் பழக்கத்தையும், வீதியில் நாம் கைக்கொள்ள வேண்டிய பண்பாட்டையும் பற்றி இன்று சற்று விரிவாகச் சிந்திப்போம்.

கண் கண்டதைக் கால் செய்து முடிக்கும் வரை

அன்பர்களே! சிவப்பு விளக்கைக் கண்டவுடன் வாகனம் நின்றுவிடுவதில்லை. கண் காண வேண்டும். மூளை அதனை ஆபத்தென்று உணர வேண்டும். கால் ஒரு மிதியிலிருந்து மற்றைய மிதிக்கு மாற வேண்டும். இதற்கு விழிப்பான ஒரு சாரதிக்கே ஒன்று முதல் ஒன்றரைச் செக்கன் வரை செல்லும். களைப்போ, உறக்கமோ, கையில் தொலைபேசியோ இருந்தால் அந்நேரம் மேலும் நீளும்.

ஒன்றரைச் செக்கன் என்பது அற்பமான நேரமாகத் தோன்றலாம். ஆனால், மணிக்கு 60 கிலோ மீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் அந்நேரத்துக்குள் 25 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். மணிக்கு 100 கிலோ மீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 42 மீற்றராகும். இவ்வளவு தூரமும் வாகனத்தின் வேகம் சிறிதும் குறைவதில்லை. அதன் பின்னரே பிரேக் வேலை செய்யத் தொடங்குகின்றது.

அதன் பிறகும் ஒரு தூரம் தேவைப்படுகின்றது. உலர்ந்த, நல்ல வீதியில் மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்தில் செல்லும் காரை நிறுத்த ஏறத்தாழ 14 மீற்றர் போதுமானது. வேகம் இரட்டிப்பாகி 100 ஆகும்போது அத்தூரமும் இரட்டிப்பாகி 28 மீற்றர்தானே ஆகும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மையில் அது நான்கு மடங்காகி 56 மீற்றராகின்றது. வேகம் இரட்டிப்பாகும்போது வாகனம் சுமந்து செல்லும் சக்தி நான்கு மடங்காவதே இதற்குக் காரணம். இளைஞர்கள் பாடசாலையில் இதனைப் படித்திருப்பார்கள். கைப்பிடியை முறுக்கும்போது அதனை மறந்துவிடுகின்றார்கள்.

இப்போது, மணிக்கு 100 கிலோ மீற்றர் வேகத்தில் 10 மீற்றர் இடைவெளியில் ஒருவர் பின்தொடர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் 10 மீற்றரும் அவருக்கு ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கு நேரமே ஆகும். முன்னால் செல்லும் வாகனம் எதிலேனும் மோதி நின்றால், இவரது கால் பிரேக் மிதியைச் சென்றடைவதற்கு முன்னரே அனைத்தும் முடிந்துவிடும். “என் கையில் வாகனம் கட்டுப்பாட்டில் இருக்கிறது” என்று அவர் கூறுவதில் பொருளில்லை. அந்தத் தூரத்தில் எந்த மனிதனின் கையிலும் கட்டுப்பாடு இருப்பதில்லை.

இரண்டு செக்கன் விதி

எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்திலிருந்து மீற்றரைக் கணக்கிடுவது கடினம். நேரத்தால் அளப்பது இலகு. பிரித்தானியாவின் நெடுஞ்சாலை விதிக்கோவை, உலர்ந்த வீதியில் வேகமாகச் செல்லும்போது குறைந்தது இரண்டு செக்கன் இடைவெளி விடுமாறும், வீதி நனைந்திருந்தால் அதனை இரு மடங்காக்குமாறும் வழிகாட்டுகின்றது. ஜேர்மனியில் சாரதிகள் தமது வேகமானியில் தெரியும் எண்ணின் பாதியை மீற்றராகக் கொள்ளப் பழக்கப்படுகின்றனர்; 100 கிலோ மீற்றர் வேகமெனில் 50 மீற்றர். நம்மவர் பலர் தொழில் புரியும் ஐக்கிய அரபு இராச்சியத்தில், போதிய இடைவெளி விடாமல் செல்வது 400 திர்ஹம் அபராதத்துக்கும் சாரதியின் பதிவில் 4 கரும்புள்ளிகளுக்கும் உரிய குற்றமாகும். அங்கு இச்சட்டத்தை அச்சத்தோடு பேணும் நம் சகோதரர்கள், விடுமுறையில் ஊர் வந்ததும் அதனை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருவது வருந்தத்தக்கது.

அளக்கும் முறை இதுதான்: முன்னால் செல்லும் வாகனம் ஒரு மின்கம்பத்தையோ பாலத்தின் விளிம்பையோ கடக்கும் கணத்தில், “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என நிதானமாகச் சொல்லத் தொடங்குங்கள். சொல்லி முடிக்கும் முன்னரே உங்கள் வாகனம் அவ்விடத்தை அடைந்துவிட்டால், நீங்கள் மிக நெருங்கிச் செல்கிறீர்கள். காலை மெல்ல எடுத்துப் பின்வாங்குங்கள். “ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி” என்று அவசரமின்றி ஒருமுறை சொல்வதற்கும் ஏறத்தாழ அதே நேரமே செல்லும். அவ்வளவு நேரம் முன்செல்பவருக்கு விட்டுக்கொடுக்க நமக்கு இயலாதா?

இரண்டு செக்கன் என்பது ஆகக் குறைந்த அளவே. மழை பெய்தால் அது நான்காக வேண்டும். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், வீதியில் படிந்திருந்த எண்ணெயும் தூசும் நீரோடு கலந்து வழுக்கும். நுவரெலியா போன்ற மலைநாட்டு வீதிகளில் பனிமூட்டம் கவியும்போதும், தேய்ந்த டயரோடு செல்ல நேரும்போதும், ஆட்களும் கூரை மேல் பொதிகளுமாக வான் நிறைந்திருக்கும்போதும் இடைவெளி கூடவே வேண்டும். கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லையை நோக்கி இறங்கும் சரிவில் பாரமேற்றிய லொறியின் முன்னோ பின்னோ செல்பவர்கள், அதன் பிரேக்குகள் சூடேறி வலுவிழக்கக்கூடும் என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்களுக்கு இது இன்னும் முக்கியமானது. பஸ் வண்டியை ஒட்டிச் செல்பவருக்கு வீதியிலுள்ள குழி தெரிவதில்லை. படுத்திருக்கும் மாடு தெரிவதில்லை. வீதியோரத்தில் ஒருவர் கையை நீட்டினால் பஸ் எவ்வித அறிவித்தலுமின்றி நின்றுவிடும் என்பதை நாமனைவரும் அறிவோம். அவ்வேளையில் காரில் இருப்பவரைக் காக்க இரும்புக் கூடு உண்டு. மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்குத் தலைக்கவசத்தையும் அந்த இடைவெளியையும் தவிர வேறு காவல் இல்லை.

நெருங்கிச் சென்று நாம் அடைவது என்ன?

ஒரு கணம் நேர்மையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். நமக்கு முன்னால் ஒரு வாகனம் மணிக்கு 60 கிலோ மீற்றர் வேகத்தில் செல்கின்றது. முந்திச் செல்ல வழியில்லை. நாம் மூன்று செக்கன் இடைவெளியில் சென்றாலும் 60 கிலோ மீற்றர் வேகம்தான். ஒரு செக்கன் இடைவெளியில் சென்றாலும் அதே வேகம்தான். கொழும்பு வரை இவ்வாறே பின்தொடர்ந்தாலும், ஒட்டிச் சென்றவர் முந்துவது இரண்டே இரண்டு செக்கன்களால். இந்த இரண்டு செக்கன்களுக்காகவா மனைவியையும் மக்களையும் பணயம் வைக்கின்றோம்?

“இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைந்துவிடுகிறாரே” என்று சிலர் முறையிடுவர். நுழையட்டும். அவருக்குப் பின்னால் மீண்டும் இடைவெளியை ஏற்படுத்திக்கொள்ள நமக்கு இரண்டு செக்கன் செலவாகும். ஒரு பயணத்தில் 30 பேர் அவ்வாறு நுழைந்தாலும் நாம் இழப்பது ஒரு நிமிடம்தான். நம்மைத் துன்புறுத்துவது நேர இழப்பா, அன்றி நம்மை ஒருவர் முந்திவிட்டார் என்ற உள்ளத்தின் கர்வமா என்பதை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெருக்கம் பயணத்தை விரைவுபடுத்துவதுமில்லை, தாமதப்படுத்துகின்றது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு பரிசோதனையில், 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீரான வேகத்தில் செல்லுமாறு பணித்தனர். பாதையில் எவ்விதத் தடையும் இருக்கவில்லை, விபத்தும் நிகழவில்லை. ஆயினும் சிறிது நேரத்தில் ஒருவர் சற்று வேகத்தைக் குறைக்க, அவரை நெருங்கியிருந்தவர் அதைவிடக் கூடுதலாகக் குறைக்க, இறுதியில் சில கார்கள் முற்றாக நின்றுவிட்டன. நெரிசல் அலைபோலப் பின்னோக்கிப் பரவியது. இடைவெளி விட்டுச் செல்பவர் முன்னால் ஏற்படும் சிறு தடுமாற்றத்தைத் தம்மோடு நிறுத்திக்கொள்கின்றார். நெருங்கிச் செல்பவர் அதனைப் பெருக்கிப் பின்னால் வருபவர்களுக்கு அனுப்பி வைக்கின்றார்.

அரபாவிலிருந்து ஒரு படிப்பினை

அன்பார்ந்தவர்களே! நெரிசலில் பயணம் செய்வது எவ்வாறென்பதற்கு நமது மார்க்கத்தில் வழிகாட்டல் இல்லாமலில்லை. ஹிஜ்ரி 10 ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்கள் அரபாவிலிருந்து முஸ்தலிபாவுக்குப் புறப்பட்ட வேளை, அவர்களோடு பெருந்திரளான மக்கள் ஒட்டகங்களில் சென்றனர். நபியவர்கள் தமது கஸ்வா எனும் ஒட்டகத்தின் கடிவாளத்தை, அதன் தலை சேணத்தைத் தொடுமளவுக்கு இழுத்துப் பிடித்தார்கள் என்றும், அமைதி பேணுமாறு மக்களுக்குக் கையால் சைகை காட்டினார்கள் என்றும் ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. மிதமான வேகத்தில் சென்ற அவர்கள், திறந்த வெளி கிடைத்தபோது மட்டுமே விரைந்தார்கள் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது.

இதில் எத்துணை நுட்பமான படிப்பினை உண்டென்பதைக் கவனியுங்கள். வேகம் அங்கு விலக்கப்படவில்லை. இடமிருந்தபோது நபியவர்கள் விரைந்தார்கள். நெருக்கத்தில் விரைவதையே தவிர்த்தார்கள். வணக்கத்துக்கான அந்தப் பயணத்திலேயே கடிவாளம் இழுத்துப் பிடிக்கப்பட்டதென்றால், சந்தைக்கும் திருமண வீட்டுக்கும் செல்லும் நாம் எதை முன்னிட்டு அடுத்தவரின் முதுகை நெருக்குகின்றோம்? இகாமத் சொல்லப்பட்டாலும் தொழுகைக்கு ஓடி வராமல் நிதானமாக நடந்து வருமாறு போதிக்கப்பட்ட சமூகம், ஜும்ஆவுக்குப் பிந்திவிட்டது என்பதற்காக மோட்டார் சைக்கிளில் பாய்ந்து செல்வது முறையாகுமா?

வீதிக்குரிய உரிமைகளை வழங்குமாறு நபியவர்கள் தோழர்களைப் பணித்ததும், வழியிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எடுத்துரைத்ததும் நாம் அடிக்கடி செவியுறுபவை. ஒரு கல்லை அகற்றுவது நன்மையெனில், இன்னொருவரின் பின்னால் நாமே ஓர் ஆபத்தாக ஒட்டிக்கொண்டிருப்பது எவ்வாறு நன்மையாகும்? அந்த உரிமை முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியதுமன்று. முன்னால் செல்லும் லொறிச் சாரதியின் பெயரோ, மதமோ, மொழியோ நமக்குத் தெரியாது. அவர் பாதுகாப்பாக வீடு சேரும் உரிமை நமது கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.

அதிவேக நெடுஞ்சாலையில் பேண வேண்டிய ஒழுங்குகள்

2011 ஆம் ஆண்டு கொட்டாவையிலிருந்து காலி வரை நமது நாட்டின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. பின்னர் அது 2014 இல் மாத்தறைக்கும், 2020 இல் அம்பாந்தோட்டைக்கும் நீண்டது. கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 2013 இலும், மீரிகம–குருநாகல் பகுதி 2022 இலும் திறக்கப்பட்டன. மணிக்கு 100 கிலோ மீற்றர் வேகம் அனுமதிக்கப்பட்ட இத்தகைய பாதைகளில், ஊர் வீதியின் பழக்கங்கள் உயிரைப் பறிக்கும்.

இடப்பக்கத் தடம் பயணத்துக்கும், வலப்பக்கத் தடம் முந்துவதற்கும் உரியவை. முந்தியதும் இடப்பக்கம் திரும்பிவிட வேண்டும். வலப்பக்கத் தடத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு மற்றவருக்கு வழிவிடாதிருப்பதும் பண்பின்மையே. தடம் மாறுவதற்கு முன்னர் கண்ணாடியைப் பார்த்துச் சமிக்ஞை விளக்கைப் போட வேண்டும். ஒருவரை முந்திய உடனேயே அவருக்கு முன்னால் குறுக்காக நுழைந்தால், அவர் பேணி வந்த இடைவெளியை நாம் பறித்தவர்களாவோம்.

நம்மை ஒருவர் பின்னால் நெருக்கினால் என்ன செய்வது? அவருக்குப் பாடம் புகட்ட எண்ணித் திடீரெனப் பிரேக் பிடிப்பது கொலைக்கு ஒப்பான விளையாட்டாகும். அஞ்சி வேகத்தைக் கூட்டுவதும் தவறு. நமக்கு முன்னாலுள்ள இடைவெளியை மெல்ல அதிகரித்துக்கொள்வோம். அப்போது திடீரெனப் பிரேக் பிடிக்க வேண்டிய தேவையே நமக்கு எழாது. பாதுகாப்பாக இடம் கிடைத்ததும் இடப்பக்கம் ஒதுங்கி அவரைப் போகவிடுவோம். அவர் தமது நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்பவராகவும் இருக்கலாம். வெறும் அவசரக்காரராகவும் இருக்கலாம். இரண்டிலும் நமக்கு நலம் தருவது அவர் நம்மைக் கடந்து செல்வதே. அதேபோன்று, பெரிய விளக்கை ஒளிரச் செய்தும் ஹோனை விடாது ஒலித்தும் முன்செல்பவரை அச்சுறுத்துவதை நாமும் கைவிட வேண்டும்.

ரமழானில் நோன்பு திறப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. உடல் சோர்ந்திருக்கும், மனம் வீட்டில் இருக்கும், வீதியிலுள்ள அனைவரும் விரைந்துகொண்டிருப்பர். வாகனத்தில் சில பேரீச்சம்பழங்களையும் ஒரு போத்தல் தண்ணீரையும் வைத்துக்கொண்டால் அந்த அவசரம் தானாகவே நீங்கிவிடும். வழியில் நோன்பு திறப்பதில் குறையொன்றுமில்லை. விமான நிலையப் பயணங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்கூட்டிப் புறப்படுவதும், சாரதியை உறங்கி எழச் செய்து அழைத்துச் செல்வதும் குடும்பத்தவரின் கடமையாகும்.

தவறுதலாக நடந்தது என்று தப்ப முடியுமா?

நமது நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். உலகில் 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு முதலாவது காரணம் வீதி விபத்தே என உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியுள்ளது. அதாவது, பிள்ளைகளும் இளைஞர்களுமே இதில் அதிகம் இழக்கின்றனர்.

“அல்லாஹ்வின் நாட்டம்” என்று கூறி விபத்தைக் கடந்து செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கத்ரை நம்புவது ஈமான். கவனயீனத்துக்கு அதனைப் போர்வையாக்குவது ஈமான் ஆகாது. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் மீதும் அல்குர்ஆன் நஷ்டஈட்டையும் பரிகாரத்தையும் விதித்துள்ளது. 1993 ஆம் ஆண்டு புருணையின் தலைநகர் பந்தர் ஸ்ரீ பகவானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கழகம், மார்க்கத்துக்கு முரணில்லாத வீதிச் சட்டங்களுக்குக் கட்டுப்படுவது கடமையென்றும், வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்குச் சாரதி பொறுப்பாளி என்றும் தீர்மானித்தது. ஆகவே, வீதிச் சட்டம் பொலிஸாருக்கும் நமக்கும் இடையிலான விவகாரம் மட்டுமே என எவரும் எண்ணிவிடலாகாது.

பெற்றோருக்கும் இளைஞருக்கும்

பெற்றோர்களே! உங்கள் மகன் 18 வயதில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வாகனமோட்டப் பழகத் தொடங்குகிறான் என எண்ணாதீர்கள். பின்னாசனத்தில் அமர்ந்து உங்கள் தோளுக்கு மேலாக வீதியைப் பார்த்த நாள் முதல் அவன் பழகிக்கொண்டிருக்கிறான். வாப்பா முன்செல்பவரை ஏசினாரா, வழிவிட்டாரா, இடைவெளி விட்டாரா என்பதெல்லாம் அவனது உள்ளத்தில் பதிகின்றன. அடுத்த பயணத்தில் அவனையே மின்கம்பத்தைப் பார்த்துச் செக்கனை எண்ணச் சொல்லுங்கள். குறைந்தால் சுட்டிக்காட்ட அவனுக்கு உரிமை கொடுங்கள்.

இளைஞர்களே! முன்செல்பவரின் டயரைத் தொட்டுவிடும் தூரத்தில் செல்வது வீரமல்ல. நண்பர்கள் பின்னாலிருந்து தூண்டும்போதும் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க வல்லவனே பலசாலி. உங்களுக்காக உம்மா நிலைக்கதவில் விழித்திருக்கிறார். நீங்கள் பத்து நிமிடம் பிந்தி வருவது அவருக்கு ஒரு பொருட்டன்று.

தொடக்கத்தில் கூறிய அந்த வானை மீண்டும் எண்ணிப் பாருங்கள். லொறிக்குப் பின்னால் நான்கு செக்கன் இடைவெளியில் அது செல்கின்றது. சிவப்பு விளக்குகள் ஒளிர்கின்றன, சாரதி பதறாமல் பிரேக்கை அழுத்துகிறார், வான் நிற்கின்றது. யானை வீதியைக் கடந்து காட்டுக்குள் மறைகின்றது. பின்னாசனத்தில் ஒரு பிள்ளை கண் விழித்து, “வந்துட்டமா உம்மா?” என்று கேட்டுவிட்டு மீண்டும் உறங்கிவிடுகின்றது. என்ன நடக்கவிருந்தது என்பதை அப்பிள்ளை ஒருபோதும் அறியப் போவதில்லை. அந்த அறியாமையே நாம் அப்பிள்ளைக்கு வழங்கக்கூடிய பெரும் பரிசு.

நம் அனைவரினதும் பயணங்களையும், வீதியில் நம்மோடு பயணிக்கும் ஒவ்வோர் உயிரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! நிதானத்தையும், பிறர் உரிமையைப் பேணும் மனப்பக்குவத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.